வளர்ப்பு எலியின் உடம்பை மூக்கிலிருந்து வால்வரை சோதிப்பது எப்படி

எலி தனக்கு முடியவில்லை என்பதைக் கடைசிவரை காட்டிக்கொள்ளாது. பூனை, ஆந்தை, பாம்பு என்று எல்லாவற்றுக்கும் இரையாகிற பிராணி அது, நொண்டி நடந்தாலோ சோர்ந்து உட்கார்ந்தாலோ அடுத்த நிமிடம் உயிர் இருக்காது, அதனால் உள்ளே நோய் பாதி தின்றுவிட்ட பிறகும் வழக்கம்போல ஓடி வந்து கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் ஆயுளே 2 முதல் 3 வருடம்தான். அதில் நாம் கவனிக்காமல் விட்ட இரண்டு வாரம் ரொம்பப் பெரிய காலம். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம், கையில் எடுத்து முழுசாகப் பாருங்கள். என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் தடவிப் பார்த்துப் பயனில்லை என்பதால், எந்த இடத்தில் உள்ளே என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் பேசுவது வளர்ப்பு எலியைப் பற்றி. வளர்ப்பு எலியும் ஆய்வுக்கூட எலியும் ஒரே இனம்: ராட்டஸ் நார்வெஜிகஸ், பழுப்பு எலி. வால் உடம்பைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்கும். கூரைமேல் ஓடுகிற ராட்டஸ் ராட்டஸ் வேறு இனம், அதன் வால் உடம்பைவிட நீளம். சுண்டெலி வளர்ந்தால் எலியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆகாது, அதுவும் தனி இனம், பெருச்சாளியும் அப்படித்தான். வெளியில் திரியும் எலியை வெறுங்கையால் தொடவே வேண்டாம். அதன் சிறுநீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரலாம், கடித்தால் எலிக்கடிக் காய்ச்சல் வரலாம். வளர்ப்பு எலியைத் தொட்டாலும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தூக்குவதற்கு முன்னால் சும்மா பாருங்கள். எலி தூங்கும்போது விலா ஏறி இறங்குவதைப் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 70 முதல் 115 வரை இருந்தால் சரி. மனிதனுக்குப் பழகின கண்ணுக்கு இது பயங்கர வேகமாகத் தெரியும், இதயமோ இன்னும் வேகம், நிமிடத்துக்கு 300-க்கு மேல் சர்வசாதாரணமாக அடிக்கும், விரலால் எண்ணவே முடியாது, மார்புக்குள் ஏதோ மெல்ல அதிர்கிற மாதிரி மட்டும் உணர்வீர்கள். எண்ணிக்கையைவிட முக்கியம், எப்படி மூச்சு விடுகிறது என்பது. விலாவுக்குப் பின்னால் இடுப்புப் பக்கம் உள்ளே குழிந்து குழிந்து எழுந்தால் அது மூச்சுக்குப் போராடுகிறது. ரோமம் சிலிர்த்து, முதுகைக் கூனிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் எங்கேயோ வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது தூக்கலாம். வாலைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். வாலின் தோல் உள்ளிருக்கும் எலும்பின்மேல் உறை மாதிரித்தான் நிற்கிறது, நுனியைப் பிடித்து இழுத்தால் அந்தத் தோல் அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும், மறுபடி வளராது, எலும்பு தெரிகிற அந்தப் பகுதியை மருத்துவர் வெட்டி எடுக்க வேண்டியதாகிவிடும். ஒரு கையை முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புக்கு அடியில் கொடுங்கள், மறு கையால் பின்பக்கத்தைத் தாங்குங்கள். மார்பை இறுக்கக் கூடாது. நெஞ்சுக்கூடு விரிந்தால்தான் அதற்கு மூச்சு. எடுத்த எடுப்பிலேயே சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து எடை பாருங்கள். வளர்ந்த பெண் எலி பெரும்பாலும் 250 முதல் 350 கிராம், ஆண் 400 முதல் 600 கிராம் வரை போகும். உங்கள் எலியின் எண் என்ன என்பதுதான் பேச்சு, அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். காரணம் தெரியாமல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், எலி எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள்.

முகத்திலிருந்து தொடங்குவோம். நான் முதலில் வளர்த்த எலிக்கு மிளகு என்று பெயர். ஒரு நாள் காலையில் அதன் மூக்கைச் சுற்றியும் கண்ணோரத்திலும் செக்கச்செவேலென்று காய்ந்து ஒட்டியிருந்தது, முன்னங்கால் ரோமத்திலும் அதே சிவப்பு. ரத்தம் கக்குகிறது என்று நினைத்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது ரத்தம் இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டீரியன் சுரப்பி என்று ஒன்று உண்டு, அது சுரக்கிற எண்ணெய்ப் பசையில் போர்ஃபிரின் என்ற சிவப்பு நிறமி இருக்கிறது, கண்ணுக்கு அது மசகு மாதிரி. ஆரோக்கியமான எலி முகம் கழுவும்போது அதைத் துடைத்துவிடும், நமக்குத் தெரியாது. உடம்பு முடியாமலோ பயத்திலோ இருக்கிற எலிக்குச் சுரப்பும் கூடும், முகம் கழுவுவதையும் விட்டுவிடும், அப்போதுதான் சிவப்பு கண்ணில் படும். சந்தேகம் வந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் துடைத்து, புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். போர்ஃபிரின் இளஞ்சிவப்பாக ஒளிரும், ரத்தம் ஒளிராது. தூங்கி எழுந்ததும் துளி சிவப்பு இருந்தால் பரவாயில்லை. பகல் முழுக்கத் தொடர்ந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், மிளகுக்கு நுரையீரலில் சளி பிடித்திருந்தது.

கண்ணைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் எலியோடு பழகுவதே மாறிவிடும். அதற்குக் கண் பார்வை மங்கல்தான், சிவப்புக் கண் வெள்ளை எலிக்கு இன்னும் மங்கல். தலையை இடமும் வலமும் மெல்ல ஆட்டிக்கொண்டே பார்க்கிறதே, அது தூரத்தைக் கணக்குப் போடுகிறது, நோய் இல்லை. சிவப்பு நிறம் அதற்குச் சரியாகத் தெரியாது, ஆனால் நமக்குத் தெரியாத புறஊதா தெரியும். இந்த மங்கலை ஈடுகட்டுவது மீசைதான். முன்னும் பின்னுமாக விநாடிக்கு எட்டு முறை போல வீசி வீசி, எதிரில் சுவரா, ஓட்டையா, எவ்வளவு அகலம் என்று அளந்துவிடும். மூளையில் ஒவ்வொரு மீசை மயிருக்கும் தனித்தனியாக ஒரு சின்ன வட்டாரமே ஒதுக்கியிருக்கிறது. ஆகவே மீசையைக் கத்தரிக்காதீர்கள், தொட்டு விளையாடவும் வேண்டாம். கூண்டுக்குள் கைவிடும் முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திடீரென்று மேலிருந்து ஒரு கை இறங்கினால் அது பருந்துதான். காதுகளில் பார்க்க வேண்டியது குறைவு, சுத்தமாக, மெல்லிய இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உட்காதில் கிருமித்தொற்றாக இருக்கலாம்.

பல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். எலிக்கு மொத்தம் 16 பற்கள். முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு வெட்டுப்பற்கள், அப்புறம் நீண்ட இடைவெளி, உள்ளே பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு கடைவாய்ப்பற்கள். கோரைப்பல் கிடையாது. வெட்டுப்பற்கள் சாகிறவரை வளர்ந்துகொண்டே இருக்கும், வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர், கணக்குப் போட்டால் வருடத்துக்குப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் வந்துவிடுகிறது. பல்லின் முன்பக்கம் மட்டும்தான் கெட்டியான எனாமல், பின்பக்கம் மிருதுவானது, அதனால் கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் தேய்ந்து முன்பக்கம் உளி மாதிரிக் கூராகவே நிற்கும். எனாமலில் இரும்புச் சத்து சேர்ந்திருப்பதால் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தெரியும், அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கப் போகாதீர்கள்.

பார்ப்பது எப்படி என்றால், எலியை மடியில் உட்கார வைத்து, கழுத்துக்குப் பின்னால் உள்ள தோலை லேசாகச் சேர்த்துப் பிடித்து, மறு கையின் விரலால் மேலுதட்டை ஒரு கணம் தூக்குங்கள், அது போதும். கீழ்ப்பற்கள் மேல்பற்களைவிட நன்றாக நீளமாகத் தெரிவது இயல்பு. கீழ்த்தாடை எலும்பின் இரண்டு பாதிகளும் நடுவில் ஒன்றாக ஒட்டிப்போகாததால் கீழ்ப்பற்கள் இரண்டும் கொஞ்சம் விலகியும் சேர்ந்தும் அசையும், அதுவும் இயல்பு. பல் ஒன்றோடொன்று உரசாமல் கோணலாக வளைந்தாலோ, ஒரு பல் ஒடிந்து எதிர்ப்பல் மட்டும் நீண்டுகொண்டே போனாலோ, எச்சில் வடிந்து மோவாய் ஈரமாக இருந்தாலோதான் கவலை. அப்படி வளர்ந்த பல் அண்ணத்தையே குத்திக்கொண்டு போகும், எலி தட்டின் முன்னால் உட்கார்ந்து, சாப்பாட்டைக் கையில் எடுத்து, மறுபடி கீழே போட்டுவிடும். நகவெட்டியால் நீங்களே வெட்ட முயலாதீர்கள். பல் நெடுக விரிந்து வேர்வரை பிளந்துவிடலாம்.

பல்லை உரசி மெல்லிய நறநற சத்தம் போடுகிறதே, அது பெரும்பாலும் நிம்மதியாக இருக்கும்போது. கூடவே கண்விழி வெளியே துள்ளித் துள்ளி உள்ளே போவதைப் பார்த்து முதல் முறை யாரும் பயந்துதான் போவார்கள். தாடையை அசைக்கிற தசையின் ஒரு பகுதி கண்குழிக்குள்ளே ஓடுகிறது, தாடை அதிரும்போது அந்தத் தசை விழியைத் தள்ளித் தள்ளி விடுகிறது, அவ்வளவுதான். என் மடியில் மிளகு முதல் முறை அப்படிச் செய்தபோது எனக்கு இது தெரியாது. தெரிந்த பிறகு அந்த இரண்டு கண்களும் துடிப்பதற்காகவே காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவேன்.

மார்புக்கு வருவோம், இங்கே அவசரப்படாதீர்கள், வளர்ப்பு எலிகளை அதிகம் கொண்டுபோவது நுரையீரல் நோய்தான். மைக்கோப்ளாஸ்மா புல்மோனிஸ் என்ற பாக்டீரியா கிட்டத்தட்ட எல்லா வளர்ப்பு எலிகளின் உடம்பிலும் சத்தமில்லாமல் இருக்கிறது. உடம்பு தளர்ந்த நேரம் பார்த்துத் தலைதூக்கும், வந்தால் அடக்கி வைக்கலாமே தவிர முழுசாக ஒழிக்க முடியாது. எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணி, நமக்குச் சளி பிடித்தால் வாயால் சமாளிப்பது போல அதனால் முடியாது. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற எலியைப் பார்த்தால் அது ஆபத்தின் விளிம்பில் இருக்கிறது, அன்றே, அந்த மணியே ஓடுங்கள். அந்த நிலைக்கு வருமுன் பிடிக்க நல்ல வழி காது. எலியைத் தூக்கி அதன் விலாவில், பிறகு முதுகுப்பக்கம் உங்கள் காதை ஒட்டி வையுங்கள். நல்ல நுரையீரலில் அநேகமாக ஒன்றுமே கேட்காது. டிக் டிக் என்றோ, காகிதம் கசங்குகிற மாதிரியோ, புறா குமுறுகிற மாதிரியோ கேட்டால் அது நோய். புதிதாக வீட்டுக்கு வந்த எலி முதல் சில நாள் தும்முவது சகஜம், ஆனால் மார்புச் சத்தத்தோடு வரும் தும்மல் சகஜம் இல்லை. நான் வாரம் தவறாமல் காது வைத்துக் கேட்க ஆரம்பித்தது மிளகு போன பிறகுதான், அதற்கு முன்பே யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன்.

நுரையீரலைக் காப்பாற்ற நீங்கள் செய்யக்கூடிய பெரிய வேலை கூண்டுச் சுத்தம். சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா மூச்சுக்குழாயின் உள்தோலை அரித்துவிடும், கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. உங்கள் மூக்கை எலி படுக்கிற உயரத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள், கண் கரித்தால் ஏற்கெனவே தாமதம். பைன், தேவதாரு மாதிரி வாசனை எண்ணெய் உள்ள மரத்தூளைப் போடாதீர்கள், தூசி பறக்காத காகிதப் படுக்கை நல்லது.

வயிற்றுக்குள் ஒரு விநோதம்: எலியால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் வயிற்றில் சேரும் இடத்தில் இறுக்கமான தடுப்பு இருக்கிறது, அதோடு வாந்தியை நடத்துகிற நரம்பு ஏற்பாடே அதன் மூளையில் இல்லை. அதனால்தான் புதிய சாப்பாடு எதுவானாலும் முதலில் ஒரு துணுக்குக் கொறித்துவிட்டுக் காத்திருந்து பார்க்கிறது, தப்பானதைத் தின்றால் திருப்பி அனுப்ப வழி இல்லை என்று அதன் உடம்புக்குத் தெரியும். உங்களுக்கு இதில் இரண்டு பாடம். ஒன்று, ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பான உணவைப் பெரிய உருண்டையாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்தால் தலையைக் கீழே அழுத்தி, எச்சில் நுரையாக வழிந்து, முன்கையால் வாயைப் பிறாண்டும். இரண்டு, அறுவை சிகிச்சைக்கு முன் நாய் பூனைக்குச் சொல்வது போல இரவெல்லாம் பட்டினி போடத் தேவையில்லை, மருத்துவரிடம் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பித்தப்பையும் எலிக்குக் கிடையாது (சுண்டெலிக்கு உண்டு), பித்தம் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குப் போகிறது. தன் புழுக்கையையே அது சில நேரம் எடுத்துத் தின்பதைப் பார்த்து அருவருப்படைய வேண்டாம், பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பையில் பாக்டீரியாக்கள் தயாரிக்கிற பி வைட்டமின்களையும் கே வைட்டமினையும் அப்படித்தான் திரும்பப் பெறுகிறது.

ரத்தம் பற்றிச் சுருக்கமாக. 300 கிராம் எலியின் உடம்பில் மொத்த ரத்தமே 20 மில்லிலிட்டர் அளவுதான், நாலு தேக்கரண்டி. நகம் ஒடிந்து வருகிற இரண்டு சொட்டு பரவாயில்லை. பெண் எலிக்குப் பின்பக்கம் ரத்தம் கண்டால் காத்திருக்காதீர்கள், எலிக்கு மாதவிடாய் கிடையாது.

இப்போது கட்டி தேடுவது. பெண் எலிக்கு ஆறு ஜோடி, 12 காம்புகள், ஆண் எலிக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பால்சுரப்பித் திசு காம்போடு நிற்காமல் கழுத்தடியிலிருந்து தொடையிடுக்குவரை, பக்கவாட்டில் விலாவைத் தாண்டித் தோள்வரை பரவியிருக்கிறது. அதனால் எலியின் அக்குளில், கழுத்தின் ஓரத்தில் வருகிற கட்டியும் மார்புக் கட்டியாக இருக்கலாம். இரண்டு விரல் நுனியால், மாவில் கல் தேடுகிற மாதிரி, மோவாயிலிருந்து வால் அடிவரை மெதுவாக உருட்டிப் பாருங்கள், அக்குளையும் தொடையிடுக்கையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான மார்புக் கட்டிகள் பரவாத வகை, தோலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு நகரும். ஆனால் அவை வேகமாக வளரும், பட்டாணி அளவில் எடுத்தால் சின்ன வேலை, எலுமிச்சை அளவுக்குப் போனபின் எடுப்பது எலிக்கும் மருத்துவருக்கும் பெரிய பாடு. சின்ன வயதிலேயே கருப்பையும் சூலகமும் எடுக்கப்பட்ட பெண் எலிகளுக்கு இந்தக் கட்டி வருவது மிகவும் குறைவு.

ஆணா பெண்ணா என்பது வளர்ந்த எலியில் கேள்வியே இல்லை, ஆணின் விதைப்பை அவ்வளவு பெரியது. ஆனால் குளிரிலோ பயத்திலோ விதைகளை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும், அந்தத் துவாரம் வாழ்நாள் முழுக்க மூடுவதில்லை, இதில் ஏமாந்துபோய் ஆணைப் பெண்களோடு விட்டவர்கள் உண்டு. குட்டிகளில் ஆசனவாய்க்கும் முன்னுறுப்புக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள், ஆணுக்கு அது பெண்ணைவிட இரட்டிப்பு. இதைத் தப்பாகப் பார்த்தால் என்ன ஆகும் என்றால்: ஐந்து, ஆறு வாரத்திலேயே குட்டி வயதுக்கு வந்துவிடும், பெண்ணுக்கு நாலைந்து நாளுக்கு ஒரு முறை சினைப்பருவம், சினைக்காலம் 21 முதல் 23 நாள், ஒரு ஈற்றில் எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள் சாதாரணம், ஈன்ற ஒரே நாளில் மறுபடி சினையாக முடியும். ஐந்து வாரம் முடியுமுன் ஆண்களைப் பிரித்துவிடுங்கள், தாயிடமிருந்தும் சேர்த்துத்தான்.

கடைசியாகக் காலும் வாலும். முன்பாதத்தில் நாலு விரல், கட்டைவிரல் இருந்த இடத்தில் ஒரு மொட்டு மட்டும்; பின்பாதத்தில் ஐந்து. பின்பாதத்தின் குதிகாலைத் திருப்பிப் பாருங்கள். சிவந்து, தடித்து, பொருக்குத் தட்டியிருந்தால் அது கம்பித் தரையில் நிற்பதால் வருகிற புண், விட்டால் எலும்புவரை போகும், தரைக்கு இன்றே துணி போடுங்கள். வாலை உள்ளங்கையில் தாங்கி அடியிலிருந்து நுனிவரை தடவி, எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பாருங்கள். எலிக்கு உடம்பில் வியர்க்காது, நாய் மாதிரி நாக்கை நீட்டி இளைக்கவும் தெரியாது. ரோமமில்லாத அந்த வால்தான் அதன் சூட்டை வெளியேற்றும் குழாய், வெயில் ஏறும்போது ரத்தத்தை அங்கே திருப்பிவிட்டுக் குளிர்ந்துகொள்ளும். அறை வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கூண்டை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். எலி தட்டையாக நீட்டிப் படுத்து, வால் கொதித்து, எச்சில் ஒழுகினால் வாலையும் பாதங்களையும் குளிர்ந்த தண்ணீரில் நனைத்தபடியே மருத்துவரிடம் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், ரத்தக்குழாய் சுருங்கிச் சூடு உள்ளேயே நின்றுவிடும்.

இரண்டு வயதைத் தாண்டிய எலியை இதெல்லாம் முடிந்ததும் ஒரு துண்டின்மேல் நடக்க விடுங்கள். பின்னங்கால் இழுத்தால், பாதம் மடங்கினால், வயதான எலிகளுக்கு வருகிற கால் தளர்ச்சி தொடங்கிவிட்டது என்று பொருள், கூண்டின் மேல்தட்டுகளை இறக்கி, தண்ணீரையும் சாப்பாட்டையும் தரையிலேயே வையுங்கள், பின்பக்கத்தை அதனால் நக்கிச் சுத்தம் செய்ய எட்டாது, நீங்கள் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். பிறகு கூண்டில் விட்டு, கை கழுவி, எடையை நோட்டில் எழுதுங்கள்.